வெயிலுக்கு வாங்கின குடை

குடையைக் கையில வச்சுக்கிட்டு ஏம்மா இப்படி நனைஞ்சு வர்றீங்கன்னுதானே கேக்குறே? கேளு, கேளு. ட்ரஷரி வாசல்லேருந்து இந்த பஸ் ஸ்டாப்பு வர்றதுக்குள்ள நாலு பேரு கேட்டாச்சு, நீ அஞ்சாவது. ஒருத்தன் ஆட்டோவை நிறுத்தி, "கெழவி, குடையை விரி கெழவி"ன்னு கத்திட்டுப் போறான். கெழவியாம். அவன் பொறந்தப்ப அவனுக்கு சொட்டு மருந்து ஊத்தினதே நானாத்தான் இருக்கும்.

இது மழைக்கு வாங்கின குடை இல்லம்மா. வெயிலுக்கு வாங்கினது. வெயில் குடையை மழையில விரிச்சா துணி வீணாப் போயிரும், கம்பி துருப்பிடிச்சிரும். அவ்வளவுதான் விஷயம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

கொஞ்சம் நகந்துக்க. கை குடுக்க வேண்டாம், வேண்டாம்னு சொல்றேன்ல, நானே உக்காந்துக்குவேன். இந்தத் தூணைப் பிடிச்சேனா... இப்படித் திரும்பினேனா... ஆங். உக்காந்தாச்சு பாரு. இதுக்குப் போய் கையை நீட்டுறே.

உன் பேரென்ன? மேகலாவா. ஆபீஸ்ல இருந்து வர்றியா? சேலை கலையாம இருக்கு, அதான் கேட்டேன். மடியில அது என்ன நீளமா பொட்டலம்? நாலு கால் ஸ்டிக்கா? யாருக்கு, அம்மாவுக்கா? விழுந்துட்டாங்களா? எங்க, பாத்ரூம்லயா? பாத்ரூமாத்தான் இருக்கும். எல்லாரும் அங்கதான் விழுறாங்க. எலும்புக்கு ஒண்ணும் ஆகலையே? அது போதும், அது பெரிய விஷயம்.

பிரி, பாப்போம். கூச்சப்படாதே, நான் நர்சு. அமிர்தவல்லின்னு சொன்னா இந்தத் தாலுகாவுல பாதிப் பேருக்குத் தெரியாது, நடை நர்சுன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷம் கிராம சுகாதார நர்சு. ரிட்டையராகிப் பதிமூணு வருஷம் ஆச்சு, எழுபத்தொண்ணு நடக்குது. ம், பொருள் நல்லாத்தான் இருக்கு. நாலு காலுக்கும் ரப்பர் இருக்கான்னு பாத்து வாங்கினியா? உயரம் சரியா வைக்கணும். அம்மாவை நேரா நிக்க வச்சு, கையைத் தொங்க விடச் சொல்லு. மணிக்கட்டுல ரேகை இருக்கு பாரு, அந்த இடத்துக்குக் கைப்பிடி வரணும். கூடினா தோள் வலிக்கும், குறைஞ்சா முதுகு கூனும். இந்தப் பட்டனை அமுக்கி ஏத்தலாம், இறக்கலாம்.

என்ன, அம்மா பிடிக்க மாட்டேங்குறாங்களா? தடி பிடிச்சா கெழவின்னு சொல்லிருவாங்கன்னு அழுறாங்களா? வயசானவங்களோட இதே ரோதனைதான் எனக்கு முப்பத்தோரு வருஷமும். வெக்கம் என்ன வெக்கம்? ஒரு ஸ்டிக்கைப் பிடிச்சா கௌரவம் கொறைஞ்சு போயிருமா? விழுந்து கிடந்தா மட்டும் கௌரவமா இருக்குமா? நர்சம்மா ஒருத்தங்க சொன்னாங்கன்னு சொல்லு உங்கம்மாகிட்ட.

பச்சமலையில பொன்னக்கான்னு ஒரு அம்மா இருந்துச்சு. எழுபது எழுபத்தஞ்சு இருக்கும். புளியங்கம்பு ஒண்ணு எப்பவும் கையில இருக்கும். "தடி ஊனறீங்களே, முழங்கால் வலியா, மருந்து குடுக்கவா"ன்னு கேட்டா, "ஊனலை நர்சம்மா, ஆடு ஓட்டறதுக்கு வச்சிருக்கேன்"னு சொல்லும். அந்தம்மாகிட்ட ஆடே கிடையாது! ஒரு ஆடு கூடக் கிடையாது. நான் சிரிச்சுக்கிட்டே மலை இறங்குவேன். ஊருக்கே தெரியும் அது எதுக்குன்னு. ஊருக்குத் தெரியும்ங்கிறது அந்தம்மாவுக்குத்தான் தெரியாது. பாவம்.

அப்பல்லாம் காலையில ஆறு மணிக்குத் தடுப்பூசி வச்ச ஐஸ் பெட்டியைத் தோள்ல மாட்டினேன்னா, ஐஸ் உருகறதுக்குள்ள நாலு குக்கிராமம். மேல பஸ் கிடையாது. ஜீப்பு டாக்டருக்கு மட்டும்தான். ஒத்தையடிப் பாதைதான், ஒரு பக்கம் பள்ளம். கர்ப்பமா ஏழாம் மாசம் வரைக்கும் ஏறியிருக்கேன். புருஷன் செத்துப் பதினேழாம் நாள் ஏறியிருக்கேன். வீட்ல உக்காந்தா அழுகை வந்துச்சு, நடந்தா வரல. அதுலேருந்து எனக்கு எந்த வியாதிக்கும் அதுதான் மருந்து.

ஆனா என் பையன் அறிவழகன் இருக்கானே, அவனுக்கு இதெல்லாம் ஏறாது. மெட்ராஸ்ல பெரிய வேலை, நாலாவது மாடியில வீடு. தங்கமான பையன்தான். அதுதான் கஷ்டம். கெட்டவனா இருந்தா சண்டை போட்டுட்டு நிம்மதியா இருந்துருப்பேன்.

போன வருஷம் ஐப்பசியில நான் பாத்ரூம்ல உக்காந்துட்டேன். விழல. எல்லாரும் விழுந்துட்டேன் விழுந்துட்டேன்னு சொல்றாங்க, நான் விழல. உக்காந்தேன். கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன், அவ்வளவுதான். எந்திரிக்கலாம்னு பாத்தேன், அப்பறம் எந்திரிக்கலாம்னு விட்டுட்டேன். தரை சில்லுன்னு இருந்துச்சு. பக்கத்து வீட்டு சரோஜினி பால் பாக்கெட் எடுத்து வைக்க வந்தவ, கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டா. அதுக்குள்ள மூணு மணி நேரம் ஆயிருச்சாம். அவ சொல்லித்தான் தெரியும். நான் எங்க கடிகாரத்தைப் பாத்தேன்?

நீ யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல, அதனால சொல்றேன். பயந்தேன். நல்லாவே பயந்தேன். செத்துப் போயிருவேன்னு இல்ல, அதெல்லாம் நிறையப் பாத்தாச்சு. இனிமே நடக்க முடியாதோன்னு பயந்தேன். காலை அசைச்சு அசைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். கட்டை விரலு ஆடுச்சு. "ஆடுது, ஆடுது"ன்னு நானே சத்தமா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். சரோஜினி வெளிய நின்னு கேட்டுட்டு, உள்ள பூகம்பம்னு நினைச்சாளாம்.

மறுநாளே வந்துட்டான் பையன். பெட்டியைக் கட்டுங்கறான். பதினஞ்சு நாள் கூட்டிட்டுப் போய் வச்சிருந்தான். மருமக நல்லவ, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை. ஆனா கதவைத் தாண்ட விடல. லிஃப்ட் இருக்கே, நான் கீழ போய் ஒரு நடை நடந்துட்டு வர்றேன்னா, "வேணாம் அத்தே, உங்க பிள்ளை என்னைத் திட்டுவாரு." ஹாலு பதினாலு அடி. அந்தச் சுவத்துலேருந்து இந்தச் சுவரு. மலை ஏறின காலும்மா இது. பதினாலு அடிக்கு ஒருக்கா திரும்பச் சொன்னா என்ன பண்ணும்? பதினஞ்சாம் நாளு நானே பெட்டியைக் கட்டிட்டேன்.

என்னை இங்க கொண்டாந்து விட்டுட்டு அவன் கிளம்பறப்ப ரெண்டு விஷயம் சொன்னான். ஒண்ணு, "இன்னொரு தடவை விழுந்தா வீட்டைப் பூட்டிட்டு மெட்ராஸ்தான், பேச்சே கிடையாது." இன்னொண்ணு, இந்த மாதிரி ஒரு ஸ்டிக்கை வாங்கி வச்சுட்டு, "இதை ஊனிக்கிட்டு நட." நான் வாங்கிப் பரண் மேல போட்டுட்டேன். ஏன்னு கேளு. ஸ்டிக்கைப் பிடிச்சேன்னு வச்சுக்க, சரோஜினி அன்னைக்கே போன்ல சொல்லிருவா. "ஸ்டிக்கு இல்லாம நடக்க முடியல இல்ல, அப்பறம் எதுக்குத் தனியா இருக்கே"ன்னு அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பான். அது ஸ்டிக்கு இல்லம்மா, மெட்ராசுக்கு டிக்கெட்டு.

உங்கம்மா விஷயம் வேற. உங்கம்மா பிடிக்கணும்.

அப்பறம்தான் இந்தக் குடை. வெயில் ஜாஸ்தியா இருந்துச்சு அந்த வருஷம். ஆமா, மார்கழியிலதான் வாங்கினேன். மார்கழி வெயிலு பொல்லாதது. கடைக்காரன் மடக்குற குடை, பூப்போட்ட குடைன்னு எடுத்துப் போடறான். எனக்கு நீட்டுக் குடைதான் வேணும்னு ஒண்ணொண்ணா வாங்கித் தரையில தட்டித் தட்டிப் பாத்தேன். "விரிச்சுப் பாருங்கம்மா"ங்கறான். விரிக்கிறது என்ன, எல்லாக் குடையும்தான் விரியும். முனை தேயக் கூடாதேன்னு செருப்பு தைக்கிறவருகிட்ட குடுத்து, டயர் ரப்பர் வெட்டி அடியில வச்சுக்கிட்டேன். அவரு ஒண்ணும் கேக்கல. வேலை தெரிஞ்ச மனுசன்.

ஞாயித்துக்கிழமை ஆனா பையன் வீடியோ கால் போடுவான். "நடந்து காட்டும்மா." மொட்டை மாடியில கோலமாவுல பெருசா எட்டு போட்டு வச்சிருக்கேன். தெக்கேயிருந்து வடக்க ஒரு தடவை, மறுபடி திருப்பி ஒரு தடவை, தினம் இருவத்தோரு நிமிஷம். பார்க்குல எல்லாரும் நடக்குறாங்களே, அதே எட்டுதான். போனை தண்ணித் தொட்டி மேல சாச்சு வச்சுட்டு நடந்து காட்டுவேன். "ஏம்மா, சாயங்காலம் ஆறு மணிக்கு எதுக்குக் குடை?"ன்னு ஒரு நாள் கேட்டான். "மாடியில வெயிலு எறங்கலைடா"ன்னேன். குடையோட அடியைக் கிட்டக் காட்டச் சொல்லிப் பாத்துட்டு போனை வச்சுட்டான். பேசத் தெரியாத பையன், அவங்கப்பா மாதிரி.

அடுத்த வாரமே கொரியர்ல ஒரு பார்சல் வருது. பிரிச்சா குடை! இதுதான் அது. ஒரு குடை இருக்கறப்ப இன்னொரு குடை அனுப்பறான், காசோட அருமை தெரியாத பய. ஆனா நல்ல குடை. கைப்பிடி தடியா இருக்கா, தண்டு இரும்பு. அடியில பாரு, கம்பெனிக்காரனே எவ்ளோ அகலத்துக்கு ரப்பர் வச்சிருக்கான். குடைக்கு எதுக்கு இவ்ளோ ரப்பருன்னு எனக்கே புரியல. மழையில குடை என்ன நடக்கவா போகுது?

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றேன். பென்ஷன்காரங்க வருஷம் ஒரு தடவை உசிரோட இருக்கோம்னு காட்டணும். நான் ரிட்டையரானது ஐப்பசியில, அதனால இந்த மாசம் என் முறை. இப்பல்லாம் தபால்காரரே மெஷினோட வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்துட்டுப் போறாரு. பையன் அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டான். தபால்காரரும் வந்துட்டாரு. நான் காபி குடுத்து அனுப்பிட்டேன். உசிரு என்னோடது. அதை நான்தான் நடந்து போய்க் காட்டுவேன். வீட்ல உக்காந்துக்கிட்டு விரலை நீட்டினா, விரலு உசிரோட இருக்குன்னுதானே அர்த்தம்? காலை யாரு பாக்குறது?

போன்ல ரெண்டு நாள் சண்டை. கடைசியில அவனே இறங்கி வந்தான். "சரி, தனியாப் போய்த் தனியாத் திரும்பி வா. விழாம வந்துட்டேன்னா இனிமே மெட்ராஸ் பேச்சை எடுக்க மாட்டேன். விழுந்துட்டா நீ பேசக் கூடாது." சரோஜினிதான் சாட்சி. அஞ்சு மணிக்கு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பா.

போறது போயாச்சும்மா. அங்க மாடிப்படி இருவத்திரெண்டு. கீழ பெஞ்சுல எல்லாரும் மகன், மருமகள், வீல்சேருன்னு உக்காந்திருக்காங்க. அந்த கிளார்க்குப் பொண்ணு நல்ல பொண்ணு, "நீங்க ஏற வேண்டாம்மா, நானே மெஷினை எடுத்துட்டுக் கீழ வர்றேன்"னு மேலேருந்து கத்துது. "நீ உக்காரு, நான் வர்றேன்"னு ஏறிட்டேன். ஒவ்வொரு படியா எண்ணிக்கிட்டு. பதினெட்டாவது படியில நின்னேன். மூச்சு வாங்க இல்ல, சுவத்துல ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்துச்சு, படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். அப்பறம் மீதி நாலு.

இறங்கி வர்றப்ப பழைய ஹெட்மாஸ்டர் சிவக்கொழுந்து சார் கீழ உக்காந்திருக்காரு, தேக்குத் தடியோட. என் குடையையே பாத்தாரு. "நர்சம்மா, குடை பிரமாதமா இருக்கு. எங்க வாங்கினீங்க? எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும்." கையில தடியை வச்சுக்கிட்டுக் குடைக்கு ஆசைப்படறாரு. எண்பது வயசுல என்ன ஆசையோ. "சார், உங்களுக்குத் தடிதான் நல்லது"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவரு சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

வாசல்ல கால வைக்கிறேன், கொட்டுது மழை. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. கையில குடை இருக்கு, விரிக்கணும்ல? குடையைப் பாத்தேன். மழையைப் பாத்தேன். தரையைப் பாத்தேன், செம்மண்ணு சேறு, பாசி. துணி வீணாப் போயிரும்னு தோணுச்சு. ஊனிக்கிட்டே, அதாவது குடையை அப்படியே பிடிச்சுக்கிட்டே நடந்துட்டேன். நனைஞ்சா துவட்டிக்கலாம்மா. நனைஞ்சவளை யாரும் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது.

இரு, போன் அடிக்குது. அவன்தான். ஹலோ... ஆங், முடிஞ்சிருச்சுடா. இருவத்திரெண்டு படி ஏறினேன்... இல்ல, யாரும் பிடிக்கல... மழையா? இங்க லேசாத் தூறுது. குடைதான் இருக்குல்ல, விரிச்சுத்தான் பிடிச்சிருக்கேன்... அது என்ன சத்தமா? பஸ்ஸு சத்தம்... துளிகூட நனையல. பக்கத்துல ஒரு பொண்ணு இருக்கு, வேணும்னா கேளு... வேண்டாமா, சரி. வச்சுடறேன்.

எதுக்கு அப்படிப் பாக்குறே? பொய்யா சொன்னேன்? அவன் ஆபீஸ்ல இருக்கான், மனசு சங்கடப்பட்டா அவனுக்கு வேலை ஓடுமா?

அந்தா வருது நம்ம பஸ்ஸு. நீயும் இதுலதானே? ஐயையோ, ஏன் அங்க போய் நிறுத்தறான்? இங்க தண்ணி நிக்குதுன்னு தள்ளிப் போறான் பாரு. முப்பது அடி இருக்கும். நடுவுல பள்ளம் எங்க இருக்குன்னே தெரியல, ஒரே குட்டையா நிக்குது.

நீ ஓடு. போ, போய் ஏறு. நான் மழை விட்டதும் அடுத்த பஸ்ஸுல வர்றேன். அடுத்தது ஆறு மணிக்கா? சரோஜினி அஞ்சுக்கே உக்காந்திருப்பாளே. அஞ்சு நிமிஷம் தாமதமானாலும் அவ போனை எடுத்துருவா...

மேகலா, நில்லு. உன் ஆபீஸ் சேலை நனைஞ்சிரும். குடை கொண்டு வரலை பாரு நீ. மழைக்காலத்துல குடையில்லாம வெளிய வர்றதா? இந்தா, இதை விரி. துணி போனாப் போகுது, உன் சேலையை விடவா? நல்லா ரெண்டு பேருக்கும் சேத்துப் பிடி. அகலமாத்தான் இருக்கு, இவ்ளோ அகலம்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. அந்த ஸ்டிக்கை இங்க குடு. ரெண்டு கையிலயும் சாமானை வச்சுக்கிட்டு எப்படி வருவே? நான் தூக்கிட்டு வர்றேன்.

மெதுவாப் போ. பக்கத்துலயே வா, நீ நனையக் கூடாது.

ஊனலம்மா. உயரம் சரியா இருக்கான்னு பாக்குறேன். நாளைக்கு உங்கம்மா பிடிக்கப் போற பொருளு, ஒரு நர்சு நடந்து பாத்துக் குடுத்தா நல்லதுதானே. தண்ணிக்குள்ள வச்சுப் பாத்தாத்தான் வழுக்குதான்னு தெரியும். இங்க பள்ளம், பாத்தியா? இது முதல்லயே கண்டுபிடிச்சுருச்சு. நாலு காலு இல்லையா, அசைய மாட்டேங்குது. அழுத்தினாலும் அசைய மாட்டேங்குது.

ஏய் கண்டக்டரு, விசிலடிக்காதே, வர்றோம்ல! முப்பத்தோரு வருஷம் மலை ஏறினவ, உன் படி ஏற மாட்டேனா? நீ பிடிக்காதே மேகலா. ஒண்ணு... ரெண்டு... ஏறியாச்சு.

இந்தா, ஜன்னலோரம் உக்காரு. குடையை மடக்கி ஓரமா வை, தண்ணி சொட்டும். ஸ்டிக்கா? இருக்கட்டும், என்கிட்டயே இருக்கட்டும், இறங்கறப்பத் தர்றேன். நீ எங்கயாவது விட்டுட்டுப் போயிருவே.

உங்கம்மாவுக்கு இது ஒரு பட்டன் கம்மியா வை. என்னை விடக் குள்ளம்தானே உங்கம்மா? எனக்கு இந்த உயரம் கணக்கா இருக்கு.

ஏம்மா மேகலா, இது எந்தக் கடையில வாங்கினே? சும்மாதான் கேக்குறேன். எங்க வீட்லயும் பரண் மேல ஒண்ணு கிடக்கு, அதோட ரப்பர் நல்லா இருக்கான்னு பாக்கணும். கெட்டுப் போயிருந்தா மாத்தணும்ல.

சரோஜினி பாத்தா பாக்கட்டும். படி ஏறி இறங்கி, மழையில நனைஞ்சு, விழாம வந்து நிக்கிறேன். இனிமே பேச வேண்டியவ நான், கேக்க வேண்டியவன் என் பையன். அவன் கேட்டான்னா சொல்லிக்கிறேன். குடை மழைக்குடா. இந்த ஸ்டிக்கு வெயிலுக்கு.